உத்தம வாடிக்கையாளர்

இந்தப் பூமியில் இதுவரை பிறந்தவர்களிலேயே மிகச் சரியாகப் புரிந்துகொள்ளப்பட்ட மனிதன் நான்தான். தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. புரிந்துகொள்ளப்பட்டதில் என் பங்கு எதுவும் கிடையாது. நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். பெற்றவள் பதினெட்டு வருடம் முயன்று, 'இது என்ன பிறவியோ' என்று ஓய்ந்தாள். கட்டியவள் நாற்பத்தாறு வருடமாக முயல்கிறாள். தலையில் அடித்துக்கொள்ளும் கட்டத்தை இன்னும் தாண்டவில்லை. நான் வேலை பார்த்த தண்ணீர் வாரியம் முப்பத்தொரு வருடம் என்னை வைத்திருந்துவிட்டு, கடைசி நாளில் கொடுத்த கேடயத்தில் வேறு யாருடைய பெயரையோ பொறித்துக் கொடுத்தது. ஆனால் ஒரு விளம்பர நிறுவனம், என் முகத்தைப் பார்க்காமல், என்னோடு ஒரு வார்த்தை பேசாமல், பதினோரே நாளில் என்னை அக்குவேறு ஆணிவேறாகப் புரிந்துகொண்டது. அப்பேர்ப்பட்ட நிறுவனத்தின் புகழைச் சொல்லாமல் கண்ணை மூடினால் என் கட்டை வேகாது.

நானும் என் மனைவியும் மகள் வீட்டில் இருக்கிறோம். நாலாவது மாடி. மகள் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் உட்காருகிறாள். மாப்பிள்ளை வேலை பார்ப்பது நான் மேலே புகழ்ந்த அதே நிறுவனத்தில். பதவி, 'மனப்போக்கு ஆய்வுப் பிரிவின் துணை மேலாளர்'. அது என்ன வேலை என்று கல்யாணத்தின்போது கேட்டேன். "ஜனங்க மனசுல என்ன இருக்குன்னு அவங்களுக்குத் தெரியறதுக்கு முன்னாடி எங்களுக்குத் தெரியணும் மாமா" என்றார். தெய்வாம்சம் உள்ள வேலை என்று அன்றைக்கே புரிந்தது. நாங்கள் குடியிருக்கும் வீடும் அந்த ஆபீஸ் கொடுத்ததுதான்.

ஹாலில் ஜன்னலை ஒட்டி ஒரு மேஜை. அதன்மேல் மாப்பிள்ளை கழித்துப்போட்ட ஒரு கம்ப்யூட்டர். காலையில் செய்தி படிப்பேன், பிறகு யாரோ முகம் தெரியாத ஆளோடு செஸ் ஆடித் தோற்பேன். ஒரு நாள் நாற்காலியை விட்டு எழுந்தபோது முட்டியில் 'டக்' என்று ஒரு சத்தம். 'முட்டி ஏன் சத்தம் போடுகிறது' என்று கம்ப்யூட்டரில் ஒரே ஒரு தடவை கேட்டேன்.

அவ்வளவுதான். வீட்டில் என்னைத் தவிர மூன்று பேர் இருக்கிறார்கள். முட்டி எப்படி இருக்கிறது என்று ஒருவராவது கேட்டதுண்டா? அந்த நிறுவனம் கேட்டது. செய்தி படிக்கப் போனால் வலது ஓரத்தில் நின்று கேட்டது. செஸ் ஆடப் போனால் ராஜாவுக்கும் ராணிக்கும் நடுவில் புகுந்து கேட்டது. எங்கேயோ பூகம்பம் என்று பதறிப்போய்ப் பார்த்தால், இடிந்த கட்டடத்தின் படத்துக்கு மேலேயே 'உங்கள் முட்டி நலமா?' என்று கேட்டது. என்ன ஒரு அக்கறை!

நானும் வீடு வீடாகப் போய் மீட்டர் படித்தவன்தான். எந்த வீட்டில் எத்தனை பேர் குளிக்கிறார்கள், எந்த வீட்டில் குழாய் ஒழுகுகிறது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனால் எங்கள் காலத்தில் தொழில்நுட்பம் வளரவில்லை. மணி அடித்து, கதவைத் திறக்கச் சொல்லி, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டியிருந்தது.

முட்டி விசாரணை முடிந்ததும் காது மெஷின் ஆரம்பித்தது. கம்ப்யூட்டரைத் திறந்தால் காது மெஷின். மூடிவிட்டுத் திறந்தால் இன்னும் பெரிய காது மெஷின். எனக்குச் சந்தேகம் தட்டியது. சமையலறை வாசலில் போய் நின்றேன்.

"காது மெஷின் யார் தேடினது?"

"நான்தான்" என்றாள் என் மனைவி.

"எதுக்கு?"

"எதுக்குன்னு நாலு நாளா சொல்லிக்கிட்டுதான் இருக்கேன். உங்களுக்குக் கேட்டாத்தானே!"

"இது புருஷன் பொண்டாட்டிக்குள்ள இருக்க வேண்டிய சமாச்சாரம். நீ போய் ஊரைக் கூட்டிச் சொல்லிட்டியே."

"நான் யார்கிட்டங்க சொன்னேன்? அந்தப் பொட்டியில ஒரு தடவை தட்டினேன். அது ஓட்டைவாய்னு எனக்கு எப்படித் தெரியும்?"

ஓட்டைவாய்தான். ஒரே வீட்டு இணைப்பு என்பதால் காது மெஷின் மகளுடைய போனுக்கும் பரவியது. இரண்டு நாள் கழித்து அவள் மூக்கு விடைக்க வந்து நின்றாள்.

"அப்பா, ஆஸ்பத்திரியில டாக்டருக்கு ஒரு படம் காட்டலாம்னு போனை நீட்டறேன். காது மெஷின் வருது. அதுக்கப்புறம் அந்தம்மா எங்கிட்ட கத்திக் கத்திப் பேசறாங்க. நோயாளிங்க எல்லாம் என்னைப் பாவமா பாக்கறாங்க!"

அன்றைக்கே என் மனைவி போர் அறிவித்தாள். எங்கள் தெருமுனையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் அம்மா ஒருவர் உண்டு. கொண்டையில் எப்போதும் ஒரு ஸ்க்ரூடிரைவர் செருகியிருக்கும். அவரை மாடிக்கு அழைத்து வந்துவிட்டாள்.

"மாப்பிள்ளைகிட்ட சொல்லாதீங்க" என்று எனக்கு முன்கூட்டியே உத்தரவு. "அவர் பொழப்பே இதுல ஓடுது. மனசு கஷ்டப்படுவார்."

ரிப்பேர்க்காரம்மா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விரல்களை நெட்டி முறித்தார். "இதுக்கு ரெண்டு வகை இருக்கும்மா. ஒண்ணு விளம்பரத்தை மறைக்கும், அதோட சரி. இன்னொண்ணு மறைக்கவும் மறைக்கும், மறைச்ச விளம்பரத்தை எல்லாம் நமக்குத் தெரியாம உள்ளுக்குள்ள தட்டிக்கிட்டும் இருக்கும்."

"அது எதுக்குத் தட்டணும்?"

"உங்களுக்கு எது பிடிக்கும்னு மோப்பம் பிடிக்கத்தானே பின்னாலேயே வர்றாங்க? எல்லாமே பிடிக்கும்னு சொல்லிட்டா என்ன பண்ணுவாங்க? ஆள் யாருன்னு தெரியாம முழிப்பாங்க."

நாற்பத்தாறு வருடத்தில் என் மனைவியின் முகத்தில் அப்படி ஒரு பிரகாசத்தை நான் பார்த்ததில்லை. "ரெண்டாவதைப் போடு" என்றாள்.

எதைக் கேட்டாலும் 'சரி' என்று சொல்லும் அந்தக் கருவிக்கு நான் 'ஆமாஞ்சாமி' என்று பெயர் வைத்தேன். அது குடியேறிய நிமிடம் முதல் கம்ப்யூட்டரில் மயான அமைதி. என் முட்டியை விசாரிக்க நாதியில்லை. செய்தி, செய்தியாக மட்டும் இருந்தது. செஸ் கட்டத்தில் செஸ் மட்டும் இருந்தது. மனிதன் இப்படித் தனிமையில் வாடுவது நல்லதல்ல என்று எனக்குக் கவலையாகவே இருந்தது. திரையின் மூலையில் ஒரு சின்ன எண் மட்டும் ஏறிக்கொண்டே போனது. நான் பார்க்காத எத்தனை விளம்பரங்களை என் சார்பில் ஆமாஞ்சாமி தட்டியிருக்கிறார் என்பதற்கான எண் அது. சாயங்காலத்துக்குள் நாலாயிரத்தைத் தாண்டிவிடும். இந்த வயதில் நான் இவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தது கிடையாது.

மூன்று வாரம் போயிருக்கும். மாப்பிள்ளை தலைகால் புரியாத சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்தார். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தும் கை தட்டுக்குப் போகவில்லை.

"மாமா, எங்க ஆபீஸ்ல சரித்திரம் நடந்திருக்கு. ஒரு ஆள் சிக்கியிருக்கார்."

"திருடனா?"

"வாடிக்கையாளர் மாமா! பதினாலு லட்சம் பேர்ல ஒருத்தர். எதைக் காட்டினாலும் விரும்பறார். டிராக்டர் காட்டினா டிராக்டர் வேணுங்கறார். கல்யாணப் பட்டைத் தொட்ட அதே நிமிஷம் விவாகரத்து வக்கீலையும் தொடறார். வழுக்கைக்கு எண்ணெய் வேணும், முட்டிவரைக்கும் கூந்தலுக்கு ஷாம்பூவும் வேணும். வயித்துல குழந்தை இருக்கு. ஹெலிகாப்டர் ஓட்டக் கத்துக்கப் போறார். நேத்து சவப்பெட்டி பாத்தார், ஒண்ணு ரெண்டு இல்ல, ஒன்பது!"

மேஜைக்கு அடியில் என் மனைவி என் காலை மிதித்தாள். மிதிபட்டது முட்டி சரியில்லாத கால். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"மாப்பிள்ளை, ஒருவேளை அது மெஷினா இருக்குமோ?"

மாப்பிள்ளையின் முகம் ஒரு கணம் சுருங்கி, உடனே விரிந்தது. "அப்படி ஒரு சந்தேகம் வந்துச்சு. பாஸ் தீர்த்து வெச்சுட்டார்."

"எப்படி?"

"'மனுஷனுக்குள்ள ஆயிரம் முரண்பாடு இருக்கும், அதைப் புரிஞ்சுக்கறதுதான் நம்ம தொழில்'னு சொன்னார். எல்லாரும் எழுந்து நின்னு கைதட்டினோம்."

அறிவாளிகள் நிறைந்த சபையில் சந்தேகங்கள் இப்படித்தான் தீர்க்கப்படுகின்றன.

அந்த மாமனிதருக்கு 'உத்தம வாடிக்கையாளர்' என்று பட்டம் கொடுத்தார்கள். அவருக்கென்று ஆலோசனை அறையில் ஒரு காலி நாற்காலி போட்டு, அதன் முன்னால் ஒரு தண்ணீர் பாட்டிலும் வைத்தார்கள். அதுவரை ஒரு விளம்பரம் நன்றாக இருக்கிறதா என்று அறிய, தெருவில் போகிற பத்துப் பேரை நிறுத்திக் கேட்கும் காட்டுமிராண்டித்தனம் அங்கே இருந்து வந்தது. இனி அது தேவையில்லை. உத்தமருக்குப் பிடித்தால் உலகத்துக்குப் பிடிக்கும். உத்தமருக்கு எல்லாம் பிடித்தது. ஒரே வாரத்தில் தோல்வி என்ற பேச்சே அந்த ஆபீஸிலிருந்து ஒழிந்தது. ஒரு தடவை யாரோ கைத்தவறுதலாக வெறும் வெள்ளைக் கட்டத்தை விளம்பரமாக அனுப்பிவிட்டார்கள். உத்தமர் அதையும் தொட்டார். அனுப்பியவருக்கு 'எளிமையின் சிகரம்' என்று உள்விருது கிடைத்தது.

இப்படி அமோகமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மாப்பிள்ளை ஒரு சனிக்கிழமை பேயறைந்த முகத்தோடு வந்து நாற்காலியில் விழுந்தார்.

"வெள்ளிக்கிழமை விளம்பரதாரர் மாநாடு. உத்தமரை நேர்ல மேடையில உக்கார வெக்கப்போறதா பாஸ் எல்லாருக்கும் சொல்லிட்டார். நான்தான் கூட்டிட்டு வரணுமாம்."

"வரலேன்னா?" என்றாள் மகள்.

"திங்கட்கிழமை நான் வர வேண்டாமாம்."

மகள் சுவரைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். வேலை போனால் வீடு போகும். வீடு போனால் மேஜை, கம்ப்யூட்டர், மாமனார், மாமியார் எல்லாம் தெருவில்.

"ஆள் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா மாப்பிள்ளை?" என்று மெல்லக் கேட்டேன்.

"தெரியாது மாமா. எங்க கொள்கைப்படி எங்களுக்கு யாரையும் தெரியாது. வெறும் எண்தான்."

"அப்புறம் எப்படிப் பிடிப்பீங்க?"

"எந்தத் திசையில இருக்கார், எத்தனை மணிக்குத் தூங்கி எழுந்திருக்கார், அதெல்லாம் தெரியும். ஆனா யாருன்னு மட்டும் கேக்க மாட்டோம். அது அநாகரிகம்."

ஞாயிற்றுக்கிழமை காலை, ஆபீஸில் விசேஷ அனுமதி வாங்கி அந்த எண்ணின் இருப்பிடத்தைப் போனில் ஒரு புள்ளியாகப் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை வேட்டைக்குக் கிளம்பினார். புள்ளி இருக்கும் திசை மட்டும்தான் முதலில் தெரியும், நெருங்க நெருங்கத்தான் துல்லியமாகும் என்றார். ஜன்னலில் நின்று நானும் என் மனைவியும் வேடிக்கை பார்த்தோம். முடிதிருத்தும் கடைக்குள் போனார், வெளியே வந்தார். பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்த ஒரு பெரியவரை ஏற இறங்கப் பார்த்தார். தண்ணீர்த் தொட்டியை இரண்டு தடவை சுற்றினார். பிறகு போனை முன்னால் நீட்டியபடி எங்கள் கட்டடத்துக்குள்ளேயே நுழைந்தார்.

"நம்ம கட்டடத்துலதான்!" என்று லிப்டிலிருந்து கத்திக்கொண்டே வந்தார். "நாலாவது மாடிதான்! நம்ம கூடவே இருந்திருக்கார் மாமா, இத்தனை நாளா!"

நான் செஸ்ஸுக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டேன். மாப்பிள்ளை ஹாலுக்குள் பூனை மாதிரி அடி வைத்து வந்தார். என் முன்னால் வந்ததும் போன் 'பீப்' என்றது.

"மாமா, கொஞ்சம் நகருங்க. உங்க பின்னால இருக்கார்."

நகர்ந்தேன். என் பின்னால் ஜன்னல். ஜன்னலுக்குப் பின்னால் நாலு மாடி உயரத்துக்கு வெறும் காற்று. மாப்பிள்ளை அதையும் எட்டிப் பார்த்தார். அப்புறம்தான் அவர் கண் மெதுவாகத் திரும்பி, கம்ப்யூட்டர் மூலையில் ஓடிக்கொண்டிருந்த அந்த எண்ணில் போய் நின்றது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஏழு ஏறியது.

"மாமா... நீங்களா?"

"நான் எங்கே மாப்பிள்ளை? நான் இங்க குதிரையை எங்க வெக்கறதுன்னு யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

என் மனைவி நடுவில் வந்து நின்றாள். "அவரைத் திட்டாதீங்க மாப்பிள்ளை. நான்தான் போடச் சொன்னேன். காது மெஷின் தொல்லை தாங்கல."

மாப்பிள்ளை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மகள் வந்தாள், கேட்டாள், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, சட்டென்று நிறுத்தினாள்.

"அவங்க கேட்டது ஒரு ஆள்தானே? அப்பாவையே கூட்டிட்டுப் போங்க."

"விளையாடறியா நீ?"

"எண் இவருதுதானே? ஆள் இவர்தானே? இதுல பொய் எங்க இருக்கு?"

"அப்பாவைப் பொய் சொல்ல வெச்சே, நடக்கறதே வேற" என்றாள் என் மனைவி.

"நான் எதுக்குப் பொய் சொல்லணும்?" என்றேன். "கேட்டதுக்கு உள்ளதைச் சொல்றேன். அவ்வளவுதானே?"

"அதுதான் மாமா பயமா இருக்கு" என்றார் மாப்பிள்ளை.

வெள்ளிக்கிழமை இருக்கிற ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். மாநாட்டு அறையில் என் நாற்காலியைக் கண்டுபிடித்து உட்காரப் போனால், ஒரு இளம்பெண் ஓடிவந்து தடுத்தாள். "சார், சார், அது உத்தமரோட நாற்காலி. அதுல யாரும் உக்காரக் கூடாது." நான்தான் அவர் என்று மாப்பிள்ளை காதில் சொன்ன பிறகும் அவளுக்கு மனசு வரவில்லை. காலியாக இருந்தபோது அந்த நாற்காலிக்கு இருந்த மரியாதை நான் உட்கார்ந்ததும் பாதியாகக் குறைந்ததை நானே உணர்ந்தேன்.

பாஸ் வந்தார். நாற்பது வயது இருக்கும், காலில் பால்வெள்ளை ஷூ. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "ஐயா, நாங்க உங்களைக் கண்டுபிடிக்கல. நீங்கதான் எங்களைக் கண்டுபிடிச்சீங்க" என்றார். எதிரே நாற்பது ஐம்பது விளம்பரதாரர்கள், மடியில் குறிப்புப் புத்தகம். கேள்வி நேரம் ஆரம்பித்தது.

டிராக்டர் கம்பெனிக்காரர் எழுந்தார். "எங்க டிராக்டர்ல உங்களை இழுத்தது எதுங்க ஐயா?"

"நான் இருக்கறது நாலாவது மாடிங்க" என்றேன் உள்ளபடி.

பாஸ் மேஜையைத் தட்டினார். "கவனிச்சீங்களா? மாடிக்கு ஏத்த டிராக்டர்! சந்தையில யாருமே யோசிக்காத இடம்!" நாற்பது பேனாக்கள் ஓடின.

ஹெலிகாப்டர் பள்ளிக்காரர் எழுந்தார். "வகுப்புல எப்ப சேரப் போறீங்க?"

"எனக்கு லிப்ட்ல போனாலே தலை சுத்துங்க."

"உயரத்தை ஜெயிக்கத் துடிக்கிற மனசு!" என்று பாஸ் மொழிபெயர்த்தார். மறுபடியும் பேனாக்கள்.

சவப்பெட்டிக்காரர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. என் தோளின் அகலத்தைக் கண்ணாலேயே அளந்துவிட்டு, "உங்க மேல எனக்கு நம்பிக்கை இருக்கு ஐயா" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார். அந்தச் சபையில் நியாயமான எதிர்பார்ப்பு உள்ள ஒரே வியாபாரி.

கடைசி வரிசையில் ஒரு அம்மா எழுந்தார். நல்ல சேலைதான், ஆனால் தோளில் இரண்டு மூன்று நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. குழந்தைகளுக்குத் துணி டயபர் தைத்து விற்பவர் என்று அறிமுகம் செய்தார்கள். கையில் குறிப்புப் புத்தகம் இல்லை.

"ஐயா, ஒரே ஒரு கேள்வி. என் விளம்பரத்தை நீங்க பாத்தீங்களா?"

மாப்பிள்ளையைப் பார்த்தேன். சுவரோரமாக நின்றிருந்தார். பாஸ் பேசும்போதெல்லாம் தானாக ஆடும் அவர் தலை ஆடாமல் நின்றது. 'பார்த்தேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை நிற்கும், வீடு நிற்கும். என் மகள் அந்த வீட்டு ஜன்னலுக்குத் தன் கையால் திரை தைத்திருக்கிறாள். நான் காதின் பின்னால் கையை வைத்துக்கொண்டு, "என்னம்மா கேட்டீங்க?" என்றேன்.

"என் விளம்பரத்தைப் பாத்தீங்களான்னு கேட்டேன் ஐயா." சத்தம் கூட்டாமல், அதே குரலில்தான் கேட்டார். பாழாய்ப்போன காது, அன்றைக்கென்று துல்லியமாகக் கேட்டது.

"இல்லம்மா" என்றேன். "பாக்கல."

எல்லாரும் பாஸைத் திரும்பிப் பார்த்தார்கள். பாஸ் மட்டும் அசரவில்லை. இரண்டு கைகளையும் வானத்தை நோக்கி விரித்தார். "பாக்காமலே விரும்பியிருக்கார்! இதுக்கு மேல ஒரு விளம்பரம் என்ன சாதிக்க முடியும்?"

இடிபோல் கைதட்டல். சவப்பெட்டிக்காரரும் தட்டினார். அந்த அம்மா தட்டவில்லை, உட்காரவும் இல்லை. கைதட்டல் அடங்கும்வரை நின்றுகொண்டிருந்தார்.

"ரெண்டு மாசமா பகல் முழுக்க யாரோ என் விளம்பரத்தைத் தொட்டுக்கிட்டே இருக்காங்கன்னு உங்க ரிப்போர்ட் வந்துச்சு. எங்கேயோ நிறையக் குழந்தைங்க பிறந்திருக்கு, சந்தோஷம்னு நினைச்சேன். தைக்க இன்னும் நாலு பேரைச் சேத்தேன். ஷெட்டுல கூரைவரைக்கும் டயபர் அடுக்கியிருக்கு. போன வாரம் நாலு பேரையும் அனுப்பிட்டேன். போகும்போது ஒருத்தி கேட்டா, 'அத்தனை பேர் ஆசைப்பட்டாங்களேக்கா, ஏன் ஒருத்தர்கூட வாங்கல?'ன்னு. அவளுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

வேடிக்கையாக நான் பார்த்துக்கொண்டிருந்த அந்த எண்ணின் மறுமுனையில் ஒரு தையல் மெஷின் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. எழுந்து நின்றேன். "அம்மா, தொட்டது நானில்ல. என் கம்ப்யூட்டர்ல ஒரு கருவி இருக்கு. அது விளம்பரத்தை மறைச்சிட்டு, எல்லாத்தையும் அதுவே தட்டும். என் காதைப் பத்தி இவங்க ஊர் பூரா தண்டோரா போட்டாங்க, அதுக்காகப் போட்டது. உங்களுக்கு இப்படி ஆகும்னு எனக்குத் தெரியாது."

பாஸ் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். "ஐயையோ! எங்களுக்கே இப்பத்தான் தெரியுது. இந்த மாதிரி கருவிகள்தான் நாட்டோட சாபக்கேடு. உங்களை மாதிரியே நாங்களும் ஏமாந்துட்டோம்மா."

அந்த அம்மா அவரைப் பார்க்கவில்லை. சுவரோரத்தைப் பார்த்தார். "தம்பி, வாரா வாரம் எனக்கு ரிப்போர்ட் அனுப்பறது நீங்கதானே? உங்களுக்கும் தெரியாதா?"

பாஸ் மாப்பிள்ளையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பத்து வருடமாக அந்த ஆபீஸில் மேலும் கீழும் மட்டுமே ஆடிப் பழகிய அந்தத் தலை, சுளுக்கு விட்டாற்போல், முதல் முறையாகப் பக்கவாட்டில் ஆடியது.

"தெரியும்மா. ரெண்டாவது நாளே தெரியும். தட்டறது ஆள் இல்லைன்னு எங்க சிஸ்டத்துல சிவப்பு விளக்கு எரிஞ்சுது. பாஸ் அணைக்கச் சொன்னார், அணைச்சேன். அணைச்ச பிறகு நானே நம்பவும் ஆரம்பிச்சுட்டேன். இவர் விளக்கு மட்டும் இல்ல. மத்த எண்களுக்கு எரிஞ்ச விளக்கு பூராவையும் நான்தான் அணைச்சிருக்கேன்."

நாற்பது பேனாக்களும் நின்றுவிட்டன. பாஸ் புன்னகை மாறாமல், "தேநீர் இடைவேளை" என்று அறிவித்தார்.

பஸ்ஸில் திரும்பி வந்தோம். இறங்கும்போது மாப்பிள்ளை, "மாமா, மூச்சு நல்லா வருது" என்றார். அன்று மாலையே நான் ரிப்பேர்க்காரம்மாவைக் கூப்பிட்டு, ஆமாஞ்சாமியை எடுத்துவிட்டு, வெறுமனே மறைக்கிற முதல் வகையைப் போடச் சொன்னேன். என் மனைவி தடுக்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஆபீஸ் கடிதம் வந்தது. மகள் பிரித்துப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். வேலை இல்லை, மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். இதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஆனால் காரணத்தை அவர்கள் எழுதியிருந்த விதம் இருக்கிறதே, அங்கேதான் அந்த நிறுவனத்தின் மேன்மை தெரிகிறது. 'உண்மையைச் சொன்னார்' என்று கொச்சையாக எழுதவில்லை. 'பிறர் ஒருவருடைய அந்தரங்கத்தை, அவருடைய சம்மதமின்றி, பலர் முன்னிலையில் வெளிப்படுத்திய குற்றத்துக்காக' என்று எழுதியிருந்தார்கள். 'தனிப்பட்டவரின் அந்தரங்கத்தைக் காப்பதை நாங்கள் எங்கள் உயிரினும் மேலாகக் கருதுகிறோம்' என்றும் இருந்தது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "மாப்பிள்ளை, கோவிச்சுக்காதீங்க. அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு. என் கம்ப்யூட்டர்ல இருக்கற விஷயத்தை அத்தனை பேர் நடுவுல பேசினது கொஞ்சம் அதிகம்தான். எனக்காக இப்படி வரிஞ்சு கட்டிக்கிட்டு நிக்க யாராவது இருக்காங்களேன்னு..."

"அப்பா, ரெண்டாவது பக்கத்தைப் படிங்க" என்றாள் மகள், அட்டைப்பெட்டியில் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டே.

திருப்பினேன். 'அந்தரங்கம் பாதிக்கப்பட்டவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் என் பெயர் இல்லை. என் எண்கூட இல்லை. நிறுவனத்தின் பெயர் இருந்தது.

வீடு வீடாக நுழைந்து அவர்கள் அள்ளிக்கொண்டு போகும் அந்தரங்கமெல்லாம் எங்கே போய்த் தொலைகிறதோ என்று நான் வீணாகக் கவலைப்பட்டிருக்கிறேன். ஒரு துளியும் சிந்தவில்லை. அத்தனையும் சேர்ந்து இப்போது ஒரே ஒருவரிடம் பத்திரமாக இருக்கிறது.